டாக்டர், என் அண்ணனிடம் பீடியைப் பற்றியும் கேளுங்கள்

வடசென்னையில் அரசு மனநலப் பிரிவுகளில் வேலை பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், மருந்து கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. இப்போது ஐம்பதை நெருங்குகிறார். இத்தனை வருடத்தில் உங்களில் எத்தனையோ பேர் முன்னால் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாரா, குரல் கேட்கிறதா, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்பீர்கள். அக்கறையோடுதான் கேட்பீர்கள். வெளியே வராண்டா நிறைய ஆட்கள் காத்திருக்கும்போதும் அண்ணன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்த டாக்டர்களை எனக்குத் தெரியும். அதனால் இதைக் குறை சொல்லும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் இருபது வருடத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பீடி?

கேட்காமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். வலது கையில் இரண்டு விரல் நுனியும் வெல்லம் மாதிரிப் பழுப்பேறி இருக்கும். லுங்கியில் பட்டாணி அளவில் ஓட்டைகள். நான் தையல்காரி, ஒட்டுப் போட்டுக் கொடுப்பேன். அடுத்த வாரம் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழும். ராத்திரி மாத்திரை போட்ட மயக்கத்தில் பீடி கையிலிருக்கும்போதே கண் அசந்துவிடுவார். அம்மா இருந்தவரை ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கங்கு அணையும்வரை தூங்க மாட்டார். அம்மா போன பிறகு அந்தச் சொம்பு என்னிடம் வந்தது.

தினம் இரண்டு கட்டு. காசு இல்லாத நாளில் பெட்டிக்கடை வாசலில் கிடக்கும் துண்டு பீடியைப் பொறுக்குவார். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிய மனிதர். அவர் குனிந்து தரையைத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. "பாவம்மா, அவருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதானே, விட்டுடு" என்று தெருவில் சொல்வார்கள். ஒரு வார்டில் நர்ஸம்மா ஒருவரும் அதையேதான் சொன்னார். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை முதல் தேதி அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டார். எங்கள் தெருவிலிருந்து வருடாவருடம் ஒரு குழு போகும். குருசாமி பெரிய மனசு பண்ணி, "வரட்டும், நான் பார்த்துக்கிறேன்" என்றார். மாலை கழுத்தில் ஏறிய நிமிடத்திலிருந்து அண்ணன் பீடியைத் தொடவில்லை. அத்தனை வருடப் பழக்கம் ஒரே நாளில் நின்றது. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை "சாமி" என்று கூப்பிட்டார்கள். நோய் வந்த பிறகு யாரும் அவரை அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

ஐந்தாறு நாளில் ஆள் மந்தமானார். பஜனையில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அண்ணன் சாப்பிடும் மனச்சிதைவு மாத்திரைக்கு க்ளோசபின் என்று பெயர். அதைப் போடுகிறவர்கள் வீட்டில் தலையணை எச்சிலால் நனைவது பழகிய விஷயம்தான். ஆனால் அந்த வாரம் பகலிலேயே கறுப்புச் சட்டையின் காலர் நனைந்துகிடந்தது. நடை தள்ளாடியது. விரதம், அதிகாலைக் குளியல், தரையில் படுக்கை, உடம்பு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம். பன்னிரண்டாம் நாள் விடியற்காலை நாலரை மணி இருக்கும். தெருமுனை அடிபம்பில் நான் தண்ணீர் அடிக்க, அவர் குளித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாளியைத் தலையில் ஊற்றியவர் அப்படியே வலிப்பு வந்து சாய்ந்தார். பம்பின் இரும்பில் நெற்றி பட்டுக் கிழிந்தது. நான் போட்ட சத்தத்தில் ஓடிவந்த பால்காரர்தான் ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, "மாத்திரையை மொத்தமா முழுங்கிட்டாரா?" என்றுதான். மாத்திரை டப்பாவைக் காட்டினேன். கிழமைக்கு ஓர் அறை வைத்த டப்பா, ஒன்றுகூடக் கூடுதலாகப் போகவில்லை. நம்பவில்லை. நான்தான் கணக்குத் தப்பிக் கொடுத்திருப்பேன் என்று பேசிக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் டியூட்டிக்கு வந்த இளம் டாக்டரம்மா ஒருவர் அண்ணனின் கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தார். அப்புறம் கழுத்து மாலையைப் பார்த்தார். "பீடி எப்போ விட்டாரு?" என்று கேட்டார்.

எனக்கு அன்றைக்குத்தான் இது தெரிய வந்தது. பீடி, சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலில் இருக்கும் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. சி.ஒய்.பி. 1ஏ2 என்று அதற்குப் பெயர். க்ளோசபின், அதே வகையைச் சேர்ந்த ஒலான்சபின் இரண்டையும் பெரும்பாலும் அந்த நொதிதான் கரைத்து வெளியேற்றுகிறது. அண்ணன் தினம் இரண்டு கட்டுப் பீடி பிடிப்பதால் மாத்திரையில் ஒரு பங்கு வேலை செய்வதற்கு முன்பே கரைந்துபோய்க்கொண்டிருந்தது. அதற்குத் தகுந்தாற்போல டோஸை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பீடியை நிறுத்தியதும் நொதி சில நாளில் அடங்கிவிட்டது, டோஸ் மட்டும் பழையபடியே நின்றது. புகையை விட்ட ஓரிரு வாரத்தில் ரத்தத்தில் க்ளோசபின் அளவு பாதிக்குப் பாதி ஏறலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஏறும். அந்த மருந்து அதிகமானால் வலிப்பு வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

என் மனதை இன்னும் அறுப்பது அதற்கப்புறம் நடந்தது. டோஸைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நெற்றியில் தையலோடு மலைக்குப் போக முடியாது என்று குருசாமி மாலையைக் கழற்றினார். அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். மூன்றாம் நாள் பீடி திரும்ப வந்தது. மாத்திரை குறைத்தபடியே இருந்தது. பீடி திரும்பினால் உடனே வந்து டோஸைப் பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இல்லை. பொங்கலுக்குள் குரல்கள் வந்துவிட்டன. மாட்டுப் பொங்கல் அன்று என்னையே யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வார்டில் சேர்த்து, அங்கே பீடி இல்லாமல் டோஸ் சரிசெய்து, குணமாக்கி அனுப்புகிறீர்களே, அவர்களில் எத்தனை பேர் கேட்டைத் தாண்டியதும் பெட்டிக்கடையில் நின்று பற்றவைக்கிறார்கள்? இரண்டு மாதத்தில் திரும்ப வரும்போது "மாத்திரையை நிறுத்திட்டான்" என்று சீட்டில் எழுதப்படுகிறது. நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று எல்லோருக்காகவும் நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை.

க்ளோசபினுக்காக வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்கும் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவைகூட நீங்கள் விட்டதில்லை. ரிப்போர்ட் இல்லாமல் மாத்திரை தர மாட்டீர்கள். எவ்வளவு திட்டினாலும் அது எங்கள் நல்லதுக்குத்தான். அதே கறாரோடு ஓ.பி. சீட்டில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். பீடியா சிகரெட்டா, நாளைக்கு எத்தனை, போன தடவைக்கு இந்தத் தடவை கூடியதா குறைந்ததா. பத்து வினாடி வேலை. ரிஸ்பெரிடோன் போன்ற வேறு மனநோய் மாத்திரைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று தெரிந்துகொண்டேன். இருந்தாலும் எல்லோரிடமும் கேளுங்கள், நுரையீரலும் இதயமும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் மாரடைப்பு, நுரையீரல் நோய், சர்க்கரை, தொற்று இவற்றால்தான் போகிறார்கள். இவர்கள் புகைப்பதும் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளில் வந்திருக்கிறது. மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு நடுவில் மூச்சு விடுகிற எங்களுக்குப் புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் ஒரு மனிதர் தினம் இரண்டு கட்டை உள்ளே இழுத்தால் என்ன ஆகும்? புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அண்ணனோடு ஒரே வராண்டாவில் பல வருடம் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இப்போது இல்லை. ஒருவர் காசநோயில் போனார், இன்னொருவர் நாற்பத்து மூன்று வயதில் நெஞ்சு வலியில் போனார். இரண்டு பேருமே குரல்கள் அடங்கி நல்லபடியாக இருந்தவர்கள்.

சரி, அந்த ஒரே சுகம் என்ற பேச்சுக்கு வருகிறேன். அண்ணனே சொல்வார், "ஒரு இழுப்பு இழுத்தா மண்டைக்குள்ள சத்தம் கொஞ்சம் அடங்குது" என்று. அது பொய்யில்லை. நிகோடின் சில வினாடிகளில் மூளைக்குப் போய்விடும், கொஞ்ச நேரம் கவனம் கூர்மையாகும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது பாதியாகிவிடுகிறது. அப்போது வருகிற படபடப்பு நோயால் வந்ததா, பீடி கேட்டு வந்ததா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த பீடி அதை அடக்கும். இப்படியே விடிந்ததிலிருந்து படுக்கிறவரை ஓடிக்கொண்டிருந்தார்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் தேடிப் படித்து எனக்குச் சொன்னாள். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருக்கின்றன, மனநோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். இன்னொன்றைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனநோயாளிகள் புகைப்பது அவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் வைத்தியம் என்ற கருத்து இருக்கிறதே, அதை ஆதரிக்கும் ஆராய்ச்சிகள் சிலவற்றுக்கு சிகரெட் கம்பெனிகளே பணம் கொடுத்திருக்கின்றன. அமெரிக்காவில் அந்தக் கம்பெனிகளின் சொந்த ஆவணங்களைப் படித்தவர்கள் 2008இல் அதை எழுதினார்கள். மனநல ஆஸ்பத்திரிகளுக்குப் புகைத் தடையிலிருந்து விலக்கு வாங்கும் முயற்சிக்கும் கம்பெனிகள் துணை நின்றிருக்கின்றன. நம் தெருவில் இரக்கத்தோடு சொல்லும் பேச்சு எங்கெங்கே சுற்றி வந்திருக்கிறது பாருங்கள்.

"விடச் சொன்னா நோய் கிளம்பிடும், எதுக்கு வம்பு" என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அது உண்டு. ஆனால் 2016இல் லான்செட்டில் வந்த ஆய்வில் 8,000க்கு மேற்பட்டவர்களுக்கு புகையை நிறுத்த உதவும் வரெனிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகள், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை இவற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள், நோய் ஓரளவு கட்டுக்குள் இருந்தவர்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் இந்த மருந்துகளால் மனநிலைக் கோளாறு குறிப்பிடும்படி கூடவில்லை. அதே வருடம் டிசம்பரில் வரெனிக்ளின் மருந்துக் குறிப்பில் மனநிலைக் கோளாறு பற்றி இருந்த கடும் எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எடுத்துவிட்டது. புப்ரோபியான் வலிப்பைத் தூண்டலாம் என்பதால் க்ளோசபின் சாப்பிடுகிறவர்களிடம் நீங்கள் யோசித்துத்தான் கொடுப்பீர்கள். வலிப்பைக் கண்ணால் பார்த்தவள் நான், யோசித்தே கொடுங்கள்.

அண்ணன் போன வருடம் திரும்பவும் பீடியை விட்டார். இந்தத் தடவை கேட்கிற ஒரு டாக்டர் அமைந்தார். எடுத்த எடுப்பில் விடச் சொல்லவில்லை. மூன்று வாரம் முன்னாலிருந்து குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். காலையில் எழுந்ததும் பற்றவைக்கும் பீடியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதுதான் முதல் வேலை. அதற்கே ஒரு வாரம் ஆனது. நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். அதை அண்ணன் சாதாரண பபிள்கம் மாதிரி மென்று தள்ளினார். விக்கல், வயிற்றெரிச்சல். "இது வேலைக்காகாது" என்று துப்பிவிட்டார். அப்புறம் ஒரு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, தானே வாயைக் குவித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். மெதுவாக நாலைந்து தடவை மெல்ல வேண்டும். சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கியதும் திரும்ப மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். டீ குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் கம். அந்த சிஸ்டர் அன்றைக்குச் செலவழித்தது பத்து நிமிடம். அது இல்லையென்றால் அந்த அட்டை குப்பைக்குத்தான் போயிருக்கும்.

டீயையும் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். டீ, காபியில் இருக்கும் கஃபீனையும் அதே நொதிதான் கரைக்கிறதாம். புகை நின்றபின் பழைய அளவு டீ குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும், வீட்டில் இருப்பவர்கள் நோய் கிளம்பிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். நான் பயந்திருப்பேன்.

பீடி நின்ற வாரமே டாக்டர் டோஸைப் படிப்படியாகக் குறைத்தார். கம்மில் நிகோடின் இருக்கிறதே, அப்புறம் ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். நொதியை முடுக்கியது நிகோடின் இல்லை, புகைதான் என்றார். எனக்கு ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தார். தினமும் நாலு விஷயம் எழுத வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினார், எச்சில் எவ்வளவு, நடை எப்படி, பீடி எத்தனை. இரண்டு வாரம் எழுதினேன். நடுவில் இரண்டு தடவை போன் செய்து கேட்டார்கள். இதைப் படிக்கும் குடும்பத்தார் யாராவது இருந்தால் ஒன்று சொல்கிறேன், நீங்களாகவே மாத்திரையை உடைத்துக் குறைக்காதீர்கள். டாக்டரிடம் போய்ப் பீடி கணக்கைச் சொல்லுங்கள்.

முதல் மூன்று நாள் ரொம்பக் கஷ்டம். சுவரில் கை தட்டிக்கொண்டே நடந்தார். பிறகு இறங்கியது. ஆறாவது வாரம் ஒரு சிநேகிதர் சாவுக்குப் போய் நாலு பீடி பிடித்துவிட்டு வந்து என்னிடம் அவராகவே சொன்னார். டாக்டரிடமும் சொன்னார். அவர் திட்டவில்லை. "நாலோட நிறுத்தினீங்களே" என்றார். பதினான்கு மாதம் ஆகிறது. டோஸ் முன்பிருந்ததைவிடக் குறைவு. லுங்கியில் புது ஓட்டை இல்லை.

எங்களுக்கு இது அமைந்தது அதிர்ஷ்டத்தால். அது இல்லாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். நிகோடின் கம் ஓர் அட்டை வாங்கும் காசில் சில நாள் பீடி வாங்கலாம். உதவித்தொகையில் ஓடும் வீட்டில் எதை வாங்குவார்கள்? நிகோடின் மாற்று மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009இலேயே சேர்த்துவிட்டது. வரெனிக்ளினும் புப்ரோபியானும் 2021இல் சேர்ந்தன. க்ளோசபின் தரும் அதே கவுன்டரில் அதே நாளில் கம்மும் பட்டையும் இலவசமாகக் கிடைக்கும்படி மேலே எழுதிக் கேளுங்கள். புகையிலை நிறுத்த மையம் வேறு கட்டடத்தில் இருக்கிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பாதீர்கள். ஒரு வரிசையில் நிற்பதற்கே அண்ணனை நான் பாதி ராத்திரியிலிருந்து தயார்படுத்த வேண்டும். 1800-11-2356 என்ற தேசிய உதவி எண் நல்ல சேவைதான். ஆனால் காதுக்குள் குரல் கேட்கிற மனிதருக்குப் போனில் வரும் புதுக் குரல் பயம். அவர் முகம் பார்த்துப் பழகிய ஆள் பேச வேண்டும்.

இங்கிலாந்தில் 2019இல் இதைத்தான் செய்து பார்த்திருக்கிறார்கள். கடுமையான மனநோய் உள்ள 526 பேரில் பாதிப்பேருக்கு, இவர்களுக்கென்றே பயிற்சி எடுத்த மனநலப் பணியாளர் ஒருவர் 12 தடவை வரை நேரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார், தேவைப்பட்டால் வீட்டுக்கே போய். ஆறு மாதத்தில் அவர்களில் 14 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், மற்றவர்களில் 6 சதவீதம். வருடக் கடைசியில் 15க்கு 10 என்று இடைவெளி சுருங்கியது. கூட இருந்து பேசுவது தொடர வேண்டும் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் 2021இலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வருகிறார்கள். பீடி நிறுத்திய முதல் இரண்டு வாரம் அதே பெண்கள் எங்கள் வாசலிலும் நின்று தூக்கம், எச்சில், நடை என்று கேட்டுவிட்டுப் போனால் போதும்.

வார்டுகளில் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெருக்கினால் ஒரு பீடி, சத்தம் போடாமல் இருந்தால் ஒரு பீடி என்று கொடுக்காதீர்கள். அண்ணன் ஒரு தடவை சேர்ந்திருந்த இடத்தில் நான் அதைப் பார்த்தேன். பீடியே பிடிக்காத ஒரு பையன் அங்கேதான் கற்றுக்கொண்டான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய் உள்ளவர்களுக்குச் சமமாக எல்லா மருத்துவ வசதியும் மனநோய் உள்ளவர்களுக்கும் தர வேண்டும் என்கிறது. மாரடைப்பு வந்தவரிடம் முதல் நாளே சிகரெட்டை விடச் சொல்கிறீர்கள். அந்தச் சொல் என் அண்ணனுக்கும் உரியதுதானே.

போன செவ்வாய்க்கிழமை ஓ.பி. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓர் அம்மா, இருபத்தாறு இருபத்தேழு வயது மகனோடு. அந்தப் பையனின் விரல் நுனிகள் பழுப்பாக இருந்தன. அவன் அண்ணனிடம் தீப்பெட்டி கேட்டான். "நான் விட்டுட்டேன்பா" என்றார் அண்ணன். அந்த அம்மா சட்டென்று திரும்பி, எப்படி விட்டார் என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். கம்மை எப்படி மெல்ல வேண்டும் என்று சொன்னேன். நோட்டில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னேன். அவர் பையன் போடுகிற மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, இதை எவ்வளவு குறைக்கணும் என்று கேட்டார். அதை நான் சொல்லக் கூடாது. உள்ளே போய் டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வெளியே வரும்போது கேட்டேன், "கேட்டீங்களாம்மா?" கூட்டம் அதிகம், கேட்க முடியவில்லை என்றார்.

அவர்களுக்கு அடுத்த மாத்திரைத் தேதி வரும் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை.

இப்படிக்கு,
ஒரு தங்கை,
தண்டையார்பேட்டை